வேலியும் கட்டுத்தரையும்: உண்ணியில் கிருமி ஏறும் வழி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கொறங்காட்டின் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தின்) கிளுவை வேலியை ஒட்டிய இட்டேரி வழியாகத்தான் என் பேரன் பள்ளிக்குப் போய் வருகிறான். சென்ற வாரம் அவன் காதுக்குப் பின்னால் உண்ணி ஒன்று கடித்திருந்ததைப் பார்த்துப் பிடுங்கினோம். காய்ச்சல் எதுவும் வரவில்லை. ஆனால் புதரில் இருக்கும் உண்ணியில்தான் நோய்க்கிருமி அதிகம், வெட்டவெளிப் புல்லில் இருக்கும் உண்ணியில் அவ்வளவு இல்லை என்று உறவினர் ஒருவர் சொல்லி, வேலியை அழித்துவிட்டுக் கம்பி போடச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா? (ஒரு வாசகர், மூலனூர்)

பதில்: பேரனுக்குக் காய்ச்சல் இல்லை என்பது நிம்மதி. இருந்தாலும் கடித்த நாளிலிருந்து இரண்டு வாரம் வரை காய்ச்சல், தலைவலி, கடிவாயில் கறுத்த பொருக்கு, உடம்பில் சிவந்த தடிப்பு ஆகியவை தோன்றுகின்றனவா என்று பார்த்து வாருங்கள். இவற்றில் ஏதேனும் தெரிந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலியை மட்டும் அவசரப்பட்டு வெட்டிவிட வேண்டாம்.

உண்ணிகளில் பாக்டீரியா தொற்றியிருக்கும் வீதம் இடத்துக்கு இடம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் புதர் என்ற ஒரே காரணத்தால் உண்ணியில் கிருமி ஏறிவிடுவதில்லை. உண்ணி தன் கிருமியை மண்ணிலிருந்தோ இலையிலிருந்தோ பெறுவதில்லை. பெரும்பாலும் தாய் இட்ட முட்டையின் வழியாக வந்திருக்க வேண்டும், அல்லது அந்த உண்ணி இதற்கு முன் குடித்த இரத்தத்தோடு வந்திருக்க வேண்டும். முட்டையிலிருந்து ஆறு காலோடு வெளிவரும் குஞ்சு, ஒரு முறை இரத்தம் குடித்துத் தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகிறது. அது மறுபடி இரத்தம் குடித்து முதிர்ந்த உண்ணியாகிறது. முதிர்ந்த பெண் உண்ணி மூன்றாம் முறை குடித்துக் கீழே விழுந்து முட்டையிட்டுச் சாகிறது. பல இனங்களில் இந்த மூன்று வேளைச் சாப்பாடும் மூன்று வெவ்வேறு விலங்குகளிடம் நடக்கின்றன. ஆகவே இன்று உங்கள் காலில் ஏறும் இளம் உண்ணியில் கிருமி உண்டா என்பதை, அது குஞ்சாக இருந்தபோது எந்த விலங்கின் மேல் உட்கார்ந்திருந்தது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்த விலங்கு எலியா, ஓணானா, மாடா என்பதைத் தீர்மானிப்பது வாழிடம்.

இதை மிக நன்றாக ஆராய்ந்திருப்பது அமெரிக்காவில், உண்ணியால் பரவும் லைம் நோயை முன்வைத்து. அந்த நோயை உண்டாக்கும் பொரீலியா என்ற சுருள்வடிவ பாக்டீரியாவை 1982-இல் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணிகளின் குடலில் கண்டறிந்து வெளியிட்டார். இந்தப் பாக்டீரியா முட்டை வழியாக அநேகமாகக் கடத்தப்படுவதில்லை. குஞ்சு கிருமியில்லாமலேயே பிறக்கிறது. நாட்டின் வடகிழக்கில் அந்தக் குஞ்சுகள் வெண்கால் சுண்டெலியின் இரத்தத்தைக் குடித்தால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தொற்று வந்துவிடுகிறது. நியூயார்க் மாநிலத்தின் டச்சஸ் கவுன்டியில் துண்டு துண்டாகிப்போன காடுகளை ஒப்பிட்டு 2003-இல் வெளிவந்த ஆய்வில், 2 ஹெக்டேருக்கும், அதாவது சுமார் 5 ஏக்கருக்கும், சிறிய காட்டுத்துண்டுகளில் இளம் உண்ணிகளின் தொற்று வீதமும் அவற்றின் அடர்த்தியும் பெரிய துண்டுகளைவிட அதிகமாக இருந்தன. சிறிய துண்டில் மற்ற விலங்குகள் நிலைப்பதில்லை, சுண்டெலி மட்டும் பெருகுகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். பல்வகை விலங்குகள் இருந்தால் தொற்று நீர்த்துப்போகும் என்ற இந்தக் கருத்து எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்பதில் இன்றும் விவாதம் நடக்கிறது. அதை ஒரு பொதுவிதியாக எடுத்துக்கொள்வது சரியல்ல என்பதே என் எண்ணமும்.

கலிபோர்னியாவில் கதை வேறு. அங்கே இளம் உண்ணிகள் வேலி ஓணான் ஒன்றின் கழுத்து மடிப்பிலும் காதோரத்திலும் கூட்டமாக ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஓணானின் இரத்தத்தில் உள்ள புரதங்கள் பொரீலியாவைக் கொன்றுவிடுகின்றன. ஏற்கெனவே கிருமியோடு வந்த உண்ணிகூட அதன் இரத்தத்தைக் குடித்தபின் கிருமி நீங்கிவிடுகிறது. அப்படியென்றால் ஓணான் நமக்கு முழு நன்மை என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் ஆய்வாளர்கள் சில நிலத்துண்டுகளிலிருந்து ஓணான்களைப் பிடித்து அகற்றிப் பார்த்தபோது, உணவு கிடைக்காமல் போன குஞ்சுகளில் பெரும்பகுதி எலிகளைத் தேடிப் போகாமல் அப்படியே மடிந்தன. தொற்று வீதத்தைக் குறைக்கும் அதே ஓணான்தான் உண்ணிக் கூட்டத்துக்குச் சோறும் போடுகிறது.

இங்கேதான் உங்கள் உறவினர் சொல்வதில் ஒரு பெரிய விடுபாடு இருக்கிறது. தொற்று வீதம் ஒன்று, உண்ணிகளின் எண்ணிக்கை வேறொன்று. ஓரிடத்தில் 100 உண்ணிகள் இருந்து அவற்றில் 5 விழுக்காட்டுக்குக் கிருமி இருந்தால் ஆபத்தான உண்ணிகள் 5. இன்னோரிடத்தில் 10 உண்ணிகளே இருந்து 30 விழுக்காட்டுக்குக் கிருமி இருந்தால் ஆபத்தானவை 3. வீதத்தை மட்டும் கேட்டால் இரண்டாவது இடம் ஆறு மடங்கு மோசமாகத் தெரியும்; நடந்துபோகும் குழந்தைக்கு முதல் இடமே கூடுதல் ஆபத்து.

இனி நம் கொறங்காட்டுக்கு வருவோம். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழைதான் தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரத்துக்கு. கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடக்கும் சித்திரை வெயிலில், தரையோடு ஒட்டிய காற்றில் ஈரம் இல்லாவிட்டால் உண்ணிக்குஞ்சு உலர்ந்து செத்துவிடும். வெள்வேல மர நிழலிலும் கிளுவை வேலியின் அடியிலும் மட்டுமே அதற்குப் புகலிடம் கிடைக்கிறது. மழைக்காலக் காலைப்பொழுதில் இட்டேரி ஓரம் குனிந்து புல்நுனியை உற்றுப் பாருங்கள்: பின்கால்களால் நுனியைப் பற்றிக்கொண்டு, முன்னங்கால் இரண்டையும் காற்றில் விரித்தபடி உண்ணி காத்திருப்பதைக் காணலாம். நம் மூச்சுக்காற்று பட்டதும் அந்தக் கால்கள் அசையத் தொடங்கும். மூச்சில் வரும் கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வாடையையும் உணரும் உறுப்பு அந்த முன்னங்கால்களில்தான் இருக்கிறது. வேலியடியில் வெள்ளெலி வளை தோண்டுகிறது. கீரி, முயல், ஓணான், அரணை, கவுதாரி, மயில் என்று எல்லாம் அந்த வழியாகவே போய் வருகின்றன. மூன்று விலங்குகளிடம் இரத்தம் குடிக்கும் உண்ணி இனங்களுக்கு அது வாய்ப்பான இடம் என்பதில் ஐயமில்லை. வேலியோரத்து உண்ணி பலவகை இரத்தம் குடித்ததாக இருக்கலாம் என்ற அளவில் உறவினர் சொல்வதை ஏற்கலாம்.

ஆனால் கொறங்காட்டில் மேயும் காங்கேயம் மாட்டின் மடியிலும் வாலடியிலும் கொத்தாக ஒட்டியிருக்கும் மாட்டுண்ணியின் கதை முற்றிலும் வேறு. அது குஞ்சாக ஒரு மாட்டில் ஏறி, அதே மாட்டின் மேலேயே மூன்று நிலைகளையும் மூன்று வாரத்துக்குள் முடித்துக்கொண்டு, இரத்தம் நிறைந்த பெண் உண்ணியாகக் கீழே விழுந்து 2,000 முதல் 3,000 முட்டைகள் வரை இடுகிறது. மாடுகளுக்கு இரத்தசோகையும் காய்ச்சலும் உண்டாக்கும் அனாபிளாஸ்மா என்ற பாக்டீரியா அந்த முட்டைகள் வழியாகப் போவதில்லை. எனவே புல்லில் காத்திருக்கும் மாட்டுண்ணிக் குஞ்சு, தாய் உண்ணி நோயுற்ற மாட்டில் வளர்ந்திருந்தாலும், அந்தப் பாக்டீரியாவைப் பொறுத்தவரை சுத்தமாகவே இருக்கும். நோயைப் பரப்புவது பெரும்பாலும் ஒரு மாட்டிலிருந்து பக்கத்து மாட்டுக்குத் தாவும் ஆண் உண்ணி. கடிக்கும் ஈக்களும், ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் போடுவதும் அதற்குத் துணை. மாடுகள் நெருக்கியடித்துக் கட்டப்பட்டிருக்கும் கட்டுத்தரைதான் அந்தத் தொற்றின் வாழிடம், வேலி அல்ல. கொறங்காட்டை நான்கைந்து தடுப்புகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கும் நம் பழைய வழக்கமே புல்லில் உள்ள குஞ்சுகளைப் பட்டினிபோட்டுக் குறைக்கும் வழி. வேலியை அழித்தால் தடுப்பும் போய்விடும்.

ஒரே மேய்ச்சல் நிலம் ஒரு பாக்டீரியாவைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டவும் செய்யும். ஐரோப்பாவில் மாடு மேயும் புல்வெளிகளில் பிடித்த உண்ணிகளில் பொரீலியா குறைவாகவே இருக்கிறது, ஏனென்றால் மாடும் மானும் அந்தப் பாக்டீரியாவை உண்ணிக்குக் கொடுப்பதில்லை. ஆனால் அனாபிளாஸ்மாவின் வேறொரு இனத்துக்கு அதே கால்நடைகளும் மான்களுமே இருப்பிடம். ஆகவே எந்தக் கிருமி என்று சொல்லாமல் "இந்த இடத்து உண்ணி சுத்தம், அந்த இடத்து உண்ணி அசுத்தம்" என்று பேசுவதில் பொருளில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், வேலியை அப்படியே விட்டுவிட்டு, இட்டேரியின் நடுவில் கால்படும் தடத்தை மட்டும் இரண்டு பக்கமும் ஓர் எட்டு அகலத்துக்குப் புல் செதுக்கி வெயில் படும்படி வைப்பேன். பேரன் வீடு திரும்பியதும் காதோரம், பிடரி, அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்பக்கம் ஆகியவற்றைப் பார்த்துவிடச் சொல்வேன்.

கேள்வி: உண்ணி கடித்திருந்தால் மண்ணெண்ணெய் தடவினால் தானே விழுந்துவிடும் என்று என் மாமியார் சொல்கிறார். பீடி நெருப்பால் சுடுவோரும் உண்டு. எது சரி? (ஒரு வாசகி, பல்லடம்)

பதில்: இரண்டும் வேண்டாம். மண்ணெண்ணெயும் நெருப்பும் பட்ட உண்ணி, விழுவதற்குமுன் தன் வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள் கக்கக்கூடும். நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பற்றி, திருகாமல் நேராக மெல்ல இழுத்தெடுங்கள். விரல்களால் நசுக்காதீர்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பொரீலியா போன்ற சில கிருமிகள் உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் பெரும்பாலும் மனிதருக்குள் வருகின்றன. காய்ச்சல் தரும் இன்னொரு பாக்டீரியாவான ரிக்கெட்சியா அதைவிட விரைவில் வந்துவிடும். எனவே பார்த்த உடனே எடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: நாங்கள் இருப்பது கோவை நகரத்துக்குள், மாடிக் குடியிருப்பில். சுற்றிலும் புல்லும் இல்லை, புதரும் இல்லை. ஆனாலும் எங்கள் நாய்க்கு உண்ணி வந்து, எர்லிக்கியா என்ற தொற்று என்று கால்நடை மருத்துவர் சொன்னார். காடு இல்லாத இடத்தில் இது எப்படி? (ஒரு வாசகி, கோவை)

பதில்: நாயுண்ணிக்குக் காடு தேவையில்லை, நாயும் சுவரில் ஒரு விரிசலும் போதும். குஞ்சு, இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி என மூன்று நிலைகளிலும் அது நாயையே நாடுகிறது. இடையிடையே நாயை விட்டிறங்கிச் சுவர் விரிசல், கதவுச்சட்டம், நாய் படுக்கும் மெத்தையின் மடிப்பு ஆகியவற்றில் ஒளிந்து தோலுரிக்கிறது. வெயிலும் மழையும் படாத வீட்டுக்குள் ஆண்டு முழுவதும் அது பெருக முடியும்.

உங்கள் கேள்வியில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. எர்லிக்கியா என்ற பாக்டீரியா முட்டை வழியாகப் போவதில்லை. நோயுள்ள நாயைக் கடித்த குஞ்சுதான் இளம் உண்ணியாகித் தோலுரித்தபின் அடுத்த நாய்க்கு அதைத் தருகிறது. பல விலங்குகள் வாழும் இடத்தில் உண்ணியின் ஒரு வேளை இரத்தமாவது வேறு விலங்கிடம் போய்க் கிருமிச் சங்கிலி அறுபடக்கூடும். நாய் மட்டுமே இருக்கும் இடத்தில் ஒவ்வொரு வேளையும் நாயிடமே நடப்பதால் அந்தச் சங்கிலி தானாக அறுபடும் வாய்ப்பு மிகக் குறைவு. தெருநாய்கள் படுத்துறங்கும் வண்டி நிறுத்துமிடமும், பல நாய்களைச் சேர்த்து வளர்க்கும் கொட்டிலும் இதற்கு மிக ஏற்ற வாழிடங்கள்.

அதே நாயுண்ணி மனிதருக்கு இந்திய உண்ணி டைபஸ் எனப்படும் காய்ச்சலைத் தரும் ரிக்கெட்சியாவையும் சுமக்கக்கூடும். அது முட்டை வழியாகவும் போகும். ஆகவே வீட்டில் புகுந்துவிட்ட அந்த உண்ணிக் கூட்டத்தில், நாய்க்கு மருத்துவம் பார்த்துக் குணமாக்கிய பின்னும் தலைமுறை தலைமுறையாக அந்தக் கிருமி தங்கக்கூடும். ஒரே இடம், ஒரே உண்ணி. ஆனால் ஒரு கிருமி நாயின் உடல்நிலையைப் பொறுத்து ஏறி இறங்குகிறது, இன்னொன்று உண்ணிக்குள்ளேயே நிலைக்கிறது. நாய்க்கு மாத்திரை கொடுப்பதோடு நிற்காமல் விரிசல்களைப் பூசி, படுக்கையை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். உண்ணியைத் தடுக்கும் மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் விடாமல் கொடுங்கள்.

கேள்வி: பர்கூர் மலையில் பட்டி போட்டு மாடு மேய்ப்பவர்கள் நாங்கள். முன்பு புல்லாக இருந்த இடமெல்லாம் இப்போது உண்ணிச்செடி (லன்டானா புதர்) மண்டிவிட்டது. அதனால் நோய் கூடுமா? குரங்குக் காய்ச்சல் பற்றியும் பேசுகிறார்கள். (ஒரு வாசகர், அந்தியூர் வட்டம்)

பதில்: குரங்குக் காய்ச்சலை முதலில் தனியே எடுத்து வைத்துவிடலாம். 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட அந்த நோயையும் உண்ணிதான் பரப்புகிறது, ஆனால் அதன் கிருமி வைரஸ். இங்கே நாம் பேசும் பாக்டீரியாக்களுக்கான மருந்து அதற்குப் பயன்படாது. காட்டில் குரங்கு இறந்து கிடப்பதைக் கண்டால் அருகில் போகாமல் உடனே வனத்துறையிடம் சொல்லுங்கள்.

செய்திகளில் உண்ணிக்காய்ச்சல் என்று எழுதப்படும் ஸ்க்ரப் டைபஸையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அது பாக்டீரியா நோய்தான், ஆனால் பரப்புவது உண்ணி அல்ல. கண்ணுக்கு எளிதில் தெரியாத சிலந்திப்பேன் வகை ஒன்றின் குஞ்சு. தமிழ்நாட்டில் அது மழைக்காலத்தின் பின்பகுதியிலும் குளிர்மாதங்களிலும் கூடுகிறது. உடம்பில் மறைவான இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு இருந்தால் மருத்துவருக்கு அது பெரிய தடயம். காலத்தில் கண்டுகொண்டால் எளிய மருந்திலேயே குணமாகும். மலைமேல் இருப்பவர்கள் காய்ச்சலைத் தள்ளிப்போடாமல் கீழே இறங்கி வர வேண்டும் என்று மனமார வேண்டிக்கொள்கிறேன்.

உண்ணிச்செடிக்கு வருகிறேன். அயல் புதர்கள் உண்ணியின் தொற்றை மாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் நல்ல சான்று உண்டு. அங்கே பரவிய ஹனிசக்கிள் என்ற அயல் புதரின் அடர்த்தியில் மான்கள் வந்து தங்கின. அந்த மான்களே எர்லிக்கியாவின் இருப்பிடம். ஆகவே புதருள்ள இடங்களில் கிருமியுள்ள உண்ணிகள் பெருகின. புதரை வெட்டி அகற்றியபோது மான்களின் நடமாட்டமும் கிருமியுள்ள உண்ணிகளும் குறைந்தன. இது 2010-இல் வெளிவந்த ஆய்வு. உங்கள் மலையில் கேட்க வேண்டிய கேள்வியும் இதே வகையானது: உண்ணிச்செடியின் அடியில் பகல்நேரத்தில் எது படுக்கிறது? மாடு உள்ளே நுழைய முடியாத அந்த அடர்த்தியில் எலி, முயல், காட்டுப்பன்றி, மான் ஆகியவை படுக்கின்றன என்றால், அந்தப் புதரின் விளிம்பில் மாடு மேயும்போது காட்டு விலங்கின் உண்ணியும் வீட்டு விலங்கும் சந்திக்கின்றன. அடர்ந்த நிழலில் ஈரம் தங்குவதால் உண்ணி நீண்ட நாள் உயிரோடு காத்திருக்கவும் முடியும். முழு மலையையும் யாராலும் வெட்டிவிட முடியாது. பட்டியைச் சுற்றியும் தண்ணீருக்கு இறங்கும் தடத்திலும் மட்டுமாவது, வனத்துறையின் அனுமதியோடு, உண்ணிச்செடியை வேரோடு எடுத்துவிட்டால் அந்தச் சந்திப்பு குறையும்.

கேள்வி: முதுநிலை விலங்கியல் மாணவி நான். கொறங்காடு, தென்னந்தோப்பு, மலையடிவாரக் காடு ஆகிய மூன்றிலும் உண்ணிகளின் பாக்டீரியாத் தொற்று வீதத்தை ஒப்பிட விரும்புகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்? (ஒரு மாணவி, பொள்ளாச்சி)

பதில்: மிக நல்ல தலைப்பு, நம் வட்டாரத்தில் இப்படி ஒரு வேலை நடக்க வேண்டும் என்று நான் விரும்பிக்கொண்டிருந்தேன். மாட்டின் மேலிருந்து பிடுங்கிய உண்ணியையும் புல்லில் காத்திருக்கும் உண்ணியையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். மாட்டின் மேல் இருப்பதில் காணப்படும் பாக்டீரியா, அந்த நேரத்தில் அது குடித்துக்கொண்டிருக்கும் மாட்டின் இரத்தத்தில் உள்ளதாகவே இருக்கலாம். உண்ணிக்குத் தொற்று என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு மீட்டர் சதுரமான வெள்ளைத் துணியைப் புல்மேல் மெல்ல இழுத்துச் சென்று, சில எட்டுக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்து ஒட்டியவற்றை எடுப்பதே காத்திருக்கும் உண்ணிகளைச் சேகரிக்கும் வழக்கமான முறை. எவ்வளவு தூரம் இழுத்தீர்கள் என்பதையும் எழுதி வைத்தால் அடர்த்தியும் கிடைக்கும். காய்ந்த கொறங்காட்டில் உண்ணிகள் தரையோடு தாழ்ந்து கிடப்பதால் துணிக்கு அகப்படாமல் போகக்கூடும்; அதிகாலையில் செல்லுங்கள்.

இனத்தையும் வளர்நிலையையும் பிரிக்காமல் இடங்களை ஒப்பிடாதீர்கள். தோப்பில் மாட்டுண்ணியும் காட்டில் ஹீமபைசாலிஸ் என்ற வேறு வகை உண்ணியும் கிடைத்தால், நீங்கள் ஒப்பிட்டது இரண்டு இனங்களை, இரண்டு வாழிடங்களை அல்ல. முதிர்ந்த உண்ணி இரண்டு முறை இரத்தம் குடித்தது. இளம் உண்ணி ஒருமுறைதான். எந்த இடத்தில் முதிர்ந்தவை அதிகம் கிடைக்கின்றனவோ அந்த இடம் தானாகவே கூடுதல் தொற்றைக் காட்டும்.

பிசிஆர் எனப்படும் மரபணுச் சோதனையில் பாக்டீரியா தென்பட்டதும் நோய்க்கிருமி என்று எழுதிவிட வேண்டாம். நாயுண்ணி உள்ளிட்ட பல இனங்களில் காக்ஸியெல்லாவை ஒத்த பாக்டீரியா ஒன்று அநேகமாக எல்லா உண்ணிகளிலும் குடியிருக்கிறது. இரத்தத்தில் கிடைக்காத பி வைட்டமின்களை உண்ணிக்குத் தருவது அதுதான். தாயிடமிருந்து முட்டைக்குப் போகும் அது காட்டிலும் தோப்பிலும் ஒரே அளவில் இருக்கும். மனிதருக்குக் கியூ காய்ச்சல் என்ற நோயைத் தரும் காக்ஸியெல்லாவோடு அதைக் குழப்பிக்கொண்டால் ஆய்வு முழுவதும் தடம் மாறிவிடும். மரபணு வரிசையைப் படித்து உறுதிசெய்யுங்கள்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. 10 உண்ணிகளில் 3-க்குத் தொற்று என்றால் வீதம் 30 விழுக்காடு; ஆனால் 95 விழுக்காடு நம்பக எல்லையில் உண்மை வீதம் சுமார் 7 முதல் 65 வரை எங்கும் இருக்கலாம். 100-இல் 30 என்றால் அந்த எல்லை சுமார் 21 முதல் 40 வரை சுருங்கும். உண்ணிகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து அரைத்துச் சோதித்தால் செலவு குறையும், ஆனால் அப்போது கிடைப்பது குறைந்தபட்ச வீதம் மட்டுமே என்பதைக் கட்டுரையில் தெளிவாகச் சொல்லுங்கள்.

மலையடிவாரக் காட்டுக்கு வனத்துறையின் எழுத்துவழி அனுமதியும், கொறங்காட்டுக்கும் தோப்புக்கும் உரிமையாளரின் சம்மதமும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே எந்தக் கால்நடை, எத்தனை, எப்போது மேய்ந்தது, எந்த மருந்து தெளித்தார்கள் என்பதையும் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். வாழிடம் என்ற சொல்லுக்குள் அதுவும் அடங்கும். பிடித்த உண்ணிகளை இடத்துக்கு ஒரு குப்பியாக 70 விழுக்காடு எத்தனாலில் போட்டு, இடமும் தேதியும் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.